கூட்டிக் கூட்டியும் விடியக்காலைத் தும்மல் நிற்கவில்லை

ஜனவரி 9, கேள்வி (கிழக்கிலங்கை அக்கரைப்பற்றிலிருந்து ஒரு வாசகி)

அக்கா, எங்கட வீட்டைக் காலையும் பின்னேரமும் கூட்டுறன். நிலம் முழுக்க மாபிள், ஒரு தூசி காண ஏலாது. மகனுக்கு ஏழு வயது. எழும்பின உடனே அடுக்கடுக்காய்த் தும்மல், மூக்கால தண்ணி ஓடுது. சில இரவுகளில் முட்டும் (மூச்சிழுப்பு) வருது. பள்ளிக்கூடம் போய்ப் பத்து மணியானால் ஒன்றுமில்லாத பிள்ளை. டொக்டர் தூசி அலர்ஜி என்றார். தூசியே இல்லாத வீட்டில் தூசி அலர்ஜி எங்கால வந்தது? கட்டாரில் இருக்கிற தம்பியிடம் சொல்லிக் காற்றைச் சுத்தம் செய்யிற மெஷின் ஒன்று எடுப்பிக்கவா?

ஜனவரி 9

மெஷினுக்கு இப்போது காசு செலவழிக்க வேண்டாம் தங்கச்சி. மகன் எதில் படுக்கிறான்? மெத்தையா, பாயா? தலையணைக்குள் என்ன அடைத்திருக்கிறது? அதை முதலில் சொல்லுங்கள்.

ஜனவரி 9, இரவு

இலவம்பஞ்சு மெத்தை, கலியாணத்துக்கு வந்தது, தலையணையும் அதே பஞ்சு என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் தேட வேண்டிய இடம் நிலமில்லை, கட்டில்.

கூட்டும்போது கண்ணில் படுவது பெரும்பாலும் மணலும் நூலும் முடியும். கடற்கரை மணலுக்கு யாருக்கும் ஒவ்வாமை வருவதில்லை. உங்கள் மகனைத் தும்ம வைப்பது பெரும்பாலும் தூசி உண்ணியாக இருக்கும். கால் மில்லிமீற்றர் அளவு, கண்ணுக்குப் பிடிபடாது. எங்கள் உடம்பிலிருந்து உதிர்கிற தோல் செதிள்தான் அதன் சாப்பாடு. அது தண்ணீர் குடிப்பதில்லை, காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சியே வாழ்கிறது. காற்றின் ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே போய் அப்படியே நின்றால் காய்ந்து செத்துவிடும். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி என்று இருக்கிற எங்கள் ஊர்களில் அது எப்போது கீழே போகப்போகிறது?

உண்ணி கடிப்பதில்லை. அதன் எச்சத்திலுள்ள ஒரு புரதம்தான் வில்லங்கம். வீட்டுத் தூசியால் முட்டு வரும் என்று மருத்துவர்களுக்கு நெடுங்காலமாகத் தெரியும், ஆனால் தூசியில் எது என்று தெரியாமல் இருந்தது. 1964 இல் நெதர்லாந்தின் லைடன் நகரத்து ஆய்வாளர்கள்தான் அது இந்த உண்ணி என்று காட்டினார்கள்.

இரவு முழுக்கத் தலையணைக்குள் மூக்கைப் புதைத்துக்கொண்டு தூங்குகிற பிள்ளை விடியத் தும்முவதிலும், பள்ளிக்குப் போனதும் சுகமாவதிலும் என்ன புதினம்? மெஷின் வேண்டாம் என்றதற்கும் இதுதான் காரணம். உண்ணியின் எச்சம் கனமான துகள். மெத்தையைத் தட்டினால் எழும்பும், சில நிமிடத்தில் மறுபடியும் படிந்துவிடும். காற்றில் மிதப்பதை மட்டும்தான் மெஷின் பிடிக்கும். தலையணைக்குள் இருப்பதை அது என்ன செய்யும்?

என் இளைய மகளுக்கும் இதே கரைச்சல்தான். அவளுடைய தலையணையை ஒருநாள் தையல் பிரித்துப் பார்த்தேன். உள்துணி முழுக்க மஞ்சள் வட்டங்கள். பஞ்சு ஓரங்களில் கட்டி கட்டியாக, நடுவில் வெறும் பொடி, அதற்குள் கறுத்த இலவங்கொட்டைகள். விரலை விட்டு எடுத்தபோது நகத்தடியில் மாவாக ஒட்டியது. பிள்ளை இதிலா படுத்தாள் என்று அழுகை வந்துவிட்டது எனக்கு.

ஜனவரி 11

பொங்கலுக்கு வீடு ஒதுக்கும் நாட்கள் இவை. தயவுசெய்து மகனை அந்த நேரம் அயல் வீட்டுக்கோ அம்மம்மா வீட்டுக்கோ அனுப்பிவிடுங்கள். தும்புத்தடியால் கூரையடியைத் தட்டும்போதும் அலுமாரிக்கு மேலிருப்பதை இறக்கும்போதும் ஒரு வருடத்துத் தூசி எழும்பும். வேலை முடிந்து அரை மணித்தியாலமாவது போனபிறகு வரட்டும். நீங்களும் மூக்கை மூடிக் கட்டிக்கொள்ளுங்கள்.

ஃபேன் இதழைத் துடைக்க மறக்க வேண்டாம். பழைய தலையணை உறை ஒன்றை இதழில் மாட்டி, இரண்டு கையாலும் அழுத்தி இழுத்தால் அழுக்கு உறைக்குள்ளேயே விழும், கட்டிலில் கொட்டாது.

உலர்ந்த விளக்குமாற்றால் அறையைக் கூட்டுவதை விட ஈரத்துணியால் துடைப்பது நல்லது. நாளுக்கு இரண்டு தரம் கூட்டுவது அந்த அறையில் தூசியை இரண்டு தரம் கிளப்புவதும்தான்.

ஜனவரி 12

"மெத்தையை வெயிலில் போட்டால் போதாதா, எங்கட உம்மா அப்படித்தானே செய்தவ" என்று காத்தான்குடி நானா கேட்கிறார். உம்மா செய்தது சரியான வேலை. 1994 இல் சிட்னியில் கம்பளங்களை நேர் வெயிலில் போட்டுப் பார்த்தார்கள், உண்ணிகள் முழுக்கச் செத்திருந்தன. ஆனால் இது தை மாதம், மாரி இன்னும் விடவில்லை. அரை வெயிலில் போட்டு மழை கண்டதும் இழுத்து வந்தால், பஞ்சுக்குள் ஈரம் ஏறியதுதான் மிச்சம். வெயில் நிலைக்கும் வரை பொறுங்கள்.

இன்னொன்று, செத்த உண்ணியின் எச்சம் உள்ளேயேதான் இருக்கும். வெயிலில் காய்ந்த மெத்தையைக் கம்பால் நன்றாக அடித்துத் தட்ட வேண்டும், அதுவும் பிள்ளை இல்லாத பக்கம். இருபது வருடத்து எச்சம் தட்டி முடியாது. தலையணையை யோசிக்காமல் எறியுங்கள்.

ஜனவரி 13

விரிப்பும் தலையணை உறையும் கிழமைக்கு ஒரு தரம் சுடுதண்ணீரில். பச்சைத் தண்ணீரில் தோய்த்தால் எச்சம் பெருமளவு கழுவுப்படும், உண்ணி சாகாது. 55, 60 பாகை செல்சியஸ் வேண்டும். வெப்பமானி இல்லாதவர்களுக்கு ஒரு கணக்கு: நன்றாகக் கொதித்த தண்ணீர் ஒரு பங்குக்குக் கிணற்றுத் தண்ணீர் ஒரு பங்கு கலந்தால் அறுபதுக்குக் கொஞ்சம் மேலே வரும். துணியைப் போட்டதும் இறங்கும் என்பதால் கொதித்ததைச் சற்றுக் கூட்டி விடுங்கள். தடியால் அமுக்கி, மூடி வைத்து, ஒரு கால் மணித்தியாலம். சின்னப் பிள்ளைகள் நிற்கிற இடத்தில் இந்த வேலை வேண்டவே வேண்டாம்.

கரடிப் பொம்மை ஒன்று இருக்கிறது, அதில்லாமல் படுக்க மாட்டான் என்றால் அதைப் பையில் கட்டி பிரிட்ஜின் ஐஸ் பெட்டிக்குள் ஒரு நாள் முழுக்க வையுங்கள், நன்றாக உறையிற பெட்டியாக இருக்க வேண்டும். மறுகா எடுத்துத் தோயுங்கள். குளிர் உண்ணியைக் கொல்லும், எச்சத்தைத் தோய்த்தால்தான் போகும்.

ஜனவரி 20

புகையைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானே எழுதுகிறேன், ஏனென்றால் எங்கள் வீடுகளில் தூசியையும் புகையையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறோம். நுளம்புச்சுருள், சாம்பிராணி, ஊதுபத்தி, விறகடுப்பு, புது பெயின்ற் மணம், முகப் பவுடர் எல்லாம் மூச்சுக்குழாயை எரிச்சல்படுத்துகிறவை. ஒவ்வாமை வேறு, எரிச்சல் வேறு. சோதித்துப் பார்த்தால் பிள்ளைக்கு இவற்றில் ஒவ்வாமை இருக்காது, ஆனால் உண்ணியால் ஏற்கெனவே வீங்கியிருக்கிற மூச்சுக்குழாய்க்கு ஒரு சுருள் புகை போதும், முட்டு தொடங்கிவிடும்.

ஒரு நுளம்புச்சுருள் எரிந்து முடிய வருகிற நுண்துகள், 75 இலிருந்து 137 சிகரெட்டுகள் எரிந்தால் வருவதற்குச் சமம் என்று 2003 இல் வெளிவந்த ஓர் ஆய்வு அளந்து சொன்னது. கதவைப் பூட்டிவிட்டுக் கட்டிலுக்கடியில் சுருளை வைக்கிற பழக்கம் எத்தனை வீட்டில் இருக்கிறது! வலை கட்டுங்கள்.

ஜனவரி 21

"வலையும் தூசி பிடிக்குமே அக்கா" என்றால், ஓம், பிடிக்கும். சாதாரண வலையை விரிப்போடு சேர்த்துத் தோயுங்கள். மலேரியாக் காலத்தில் கொடுத்த மருந்து ஊறிய வலை சில வீடுகளில் இன்னும் இருக்கும். (இலங்கையில் மலேரியா ஒழிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் 2016 இல் சான்று கொடுத்தது.) அந்த வகை வலையை இருபது தரம் அளவில் கழுவினாலும் மருந்து நிற்கும்படிதான் செய்கிறார்கள். சுடுதண்ணீரும் பிளீச்சும் போடாமல் மெதுவாக அலசி நிழலில் உலர்த்த வேண்டும். பழசானால் அதிலுள்ள மருந்தை நம்ப வேண்டாம், வெறும் வலையாகப் பாவிக்கலாம். டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது, ஆகவே பகல் தூக்கத்துக்கும் வலை.

பிப்ரவரி 3

களுவாஞ்சிகுடித் தம்பி சுவரின் படம் போட்டிருக்கிறார். நிலத்திலிருந்து முழங்கால் உயரத்துக்குக் கறுப்புப் புள்ளிகள், அதற்கு முன்னால் அலுமாரி. அது பூஞ்சணம்தான். வெள்ளம் ஏறிய வீடுகளில் தண்ணீர் வடிந்தாலும் சீமெந்துச் சுவர் கிழமைக்கணக்கில் ஈரத்தை வைத்திருக்கும். நனைந்த பொருள் ஒரு நாள், இரண்டு நாளுக்குள் காயாவிட்டால் பூஞ்சணம் முளைக்கத் தொடங்கும். 2011 ஜனவரி வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் பக்கம் எத்தனை வீட்டில் இதே கோடு கிடந்தது என்று அப்போது இங்கிருந்தவர்களுக்குத் தெரியும்.

மேலே பெயின்ற் அடித்து மறைக்க வேண்டாம், அடுத்த மாரிக்கு உரிந்துகொண்டு வரும். அலுமாரியைச் சுவரிலிருந்து ஒரு கையளவு தள்ளி வையுங்கள், பின்னால் காற்றுப் போகட்டும். சவர்க்காரத் தண்ணீரால் ஈரமாகவே தேய்த்துக் கழுவுங்கள், உலர்ந்தபடி சுரண்டினால் வித்துகள் அறை முழுக்கப் பறக்கும். பிளீச் பாவித்தால் அதோடு வேறு எந்தத் திராவகத்தையும் கலக்கக் கூடாது, நச்சு வாயு வரும். முட்டுள்ள ஆள் இந்த வேலையைச் செய்யக் கூடாது. நனைந்து ஊறிய பஞ்சு மெத்தை, காட்போட் பெட்டி, பழைய கொப்பிகள் எல்லாம் வெளியே.

எந்தக் கழுவலை விடவும் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது பெரிது. ஓட்டுச் சந்தா, பீலியா, குளியலறைச் சுவரா? அது நிற்காதவரை பூஞ்சணம் திரும்ப வரும்.

பிப்ரவரி 4

பன்பாய் நல்லதுதானே என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். நல்லது. உள்ளே அடைத்த பஞ்சு இல்லை, இரண்டு பக்கமும் வெயில் காட்டலாம், துடைக்கலாம். மாரிக்குள் ஈரத்தோடு சுருட்டி மூலையில் நிறுத்தினால் அதிலும் பூஞ்சணம் பிடிக்கும், அவ்வளவுதான். பாயில் படுத்துக்கொண்டு பழைய பஞ்சுத் தலையணையை வைத்தால் ஒரு பிரயோசனமும் இல்லை.

பிப்ரவரி 22

வெட்டு தொடங்கிவிட்டது. சம்மாந்துறைப் பக்கத்திலிருந்து ஒருவர் எழுதுகிறார்: நெல் மூடைகளை ஹோலில் அடுக்கியதிலிருந்து மனைவிக்கு இருமல். வயலில் வெட்டு மெஷின் கிளப்புகிற தூசி, பதர், சுணை எல்லாம் ஒரு பக்கம். சேமித்த தானியத்துக்கென்றே வேறு வகை உண்ணிகள் இருக்கின்றன. நன்றாகக் காயாத நெல்லில் அவையும் பூஞ்சணமும் சேர்ந்து பெருகும். படுக்கிற அறைக்குள் மூடை வேண்டாம். வேறு இடமில்லையென்றால் பலகை போட்டு நிலத்திலிருந்து உயர்த்தி, சுவரிலிருந்து தள்ளி அடுக்குங்கள்.

மூடை இருக்கிற இடத்தில் கரப்பத்தானும் இருக்கும். இதை நாங்கள் அருவருப்பாக மட்டும் பார்க்கிறோம். அதன் எச்சம், உமிழ்நீர், உதிர்ந்த ஓடு மூன்றும் ஒவ்வாமை கிளப்புகிறவை. அமெரிக்க நகரங்களின் ஏழைக் குடியிருப்புகளில் ஆஸ்துமா உள்ள பிள்ளைகளைப் பார்த்து 1997 இல் ஓர் ஆய்வு வந்தது. கரப்பத்தான் ஒவ்வாமை இருந்து, படுக்கையறையிலும் அதன் எச்சம் கூட இருந்த பிள்ளைகள்தான் மற்றவர்களை விடக் கூடுதலாக ஆஸ்பத்திரி வாட்டில் கிடந்தார்கள். ஸ்பிரே அடித்தால் அந்த மணத்துக்கே முட்டு தொடங்கும், கரப்பத்தானும் அடுத்த அறைக்கு ஓடும். கரப்பத்தான் தின்று சாகிற ஜெல் மருந்தைக் கதவுப் பிணைச்சலடியிலும் காஸ் சிலிண்டருக்குப் பின்னாலும் புள்ளி புள்ளியாக வைப்பது நல்லது, பிள்ளையின் கைக்கு எட்டாதபடி. இரவில் எச்சில் கோப்பைகளைக் குசினியில் விடக் கூடாது, சோற்றுப் பானையை மூட வேண்டும், காட்போட் பெட்டிகளைச் சேர்க்கக் கூடாது. செத்தவற்றைப் பொறுக்கிய பிறகு அந்த இடத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

மார்ச் 8

அக்கரைப்பற்றுத் தங்கச்சி இன்று கேட்டது முக்கியமான கேள்வி. மகனுக்கு இறால் தின்றால் உதடு அரித்துக் கடிக்கிறதாம், அதற்கும் இதற்கும் தொடர்பா?

இருக்கலாம். இறால், நண்டு, தூசி உண்ணி, கரப்பத்தான் நாலும் கணுக்காலிக் கூட்டம், நாலின் தசையிலும் ட்ரோபோமயோசின் என்ற ஒரே மாதிரிப் புரதம் இருக்கிறது. ஒன்றை எதிரியாக எடுத்த உடம்பு சிலருக்கு மற்றதையும் எதிரியாகக் கணக்கெடுக்கும். சமைத்தாலும் அந்தப் புரதம் அழிவதில்லை. உங்கள் மகனுக்கு உதடு கடிப்பதால் டொக்டரிடம் காட்டும்வரை இறாலும் நண்டும் கொடுக்காதீர்கள். உதடு வீங்கினால், குரல் அடைத்தால், தலை சுற்றினால் ஒரு நிமிடமும் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

ஆனால் மற்றத் தாய்மாருக்குச் சொல்கிறேன்: தூசி ஒவ்வாமை இருக்கிற எல்லாப் பிள்ளைக்கும் இறால் ஒவ்வாது என்றில்லை. தின்று சுகமாக இருக்கிற பிள்ளையிடமிருந்து வாவி இறாலைப் பறிக்க வேண்டாம். என் மகள் உண்ணிக்குத் தும்முகிறவள், இறால் சொதி இல்லாத ஞாயிற்றுக்கிழமையை ஒத்துக்கொள்ள மாட்டாள், அவளுக்கு ஒன்றும் செய்வதில்லை.

தோலில் குத்திப் பார்க்கிற சோதனை இருக்கிறது. எதற்கு ஒவ்வாது என்று தெரிந்தால் எங்கே காசும் உடம்பும் செலவழிப்பது என்று தெரியும். தும்மலுக்குக் குடிக்கிற அலர்ஜிக் குளிசையைச் சோதனைக்குச் சில நாள் முன்னரே நிறுத்த வேண்டும், எப்போது என்று டொக்டரிடம் கேளுங்கள்.

மார்ச் 9

மாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வெப்ப நாடுகளில் திறந்து நாள்பட்ட கோதுமை மாவுக்குள் உண்ணி பெருகி, அந்த மாவில் சுட்ட ரொட்டியைத் தின்ற உண்ணி ஒவ்வாமைக்காரர்களுக்குக் கடும் தாக்கம் வந்த சம்பவங்கள் மருத்துவத்தில் பதிவாகியிருக்கின்றன. சுட்டாலும் அந்த ஒவ்வாமைப் பொருள் போகாது. அரைக் கிலோ, ஒரு கிலோவாக வாங்கி, இறுக்கமான போத்தலில், இடமிருந்தால் பிரிட்ஜில் வையுங்கள்.

ஏப்ரல் 2

பூனையைப் பற்றிக் கேட்ட தம்பிக்கு: மயிர் காரணமில்லை. பூனையின் தோலிலும் எச்சிலிலும் இருக்கிற புரதம். மிக நுண்ணிய துகளாக மணிக்கணக்கில் காற்றில் மிதக்கும், பூனையை யாரிடமாவது கொடுத்த பிறகும் மாதக்கணக்கில் வீட்டில் நிற்கும். மேலே வேண்டாம் என்ற அந்த மெஷின் உதவக்கூடிய இடம் இதுதான், 0.3 மைக்ரோன் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கிற ஹெப்பா வடி உள்ளதாக இருந்தால். எல்லாவற்றுக்கும் முதல், படுக்கையறைக் கதவைப் பூனைக்கு மூடுங்கள்.

மே 17

ஒரு வாசகர் கோபமாக எழுதியிருக்கிறார்: இதெல்லாம் வீண், உண்ணியை ஒழிக்கிற எந்த முறையும் ஆஸ்துமாவுக்குப் பயன்படாது என்று பெரிய ஆய்வே சொல்லிவிட்டது. அவர் சொல்வது 2008 இல் வந்த கொக்ரேன் தொகுப்பு, பல பரிசோதனைகளின் முடிவுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்ப்பது. 54 பரிசோதனைகள், மூவாயிரம் அளவில் நோயாளர்கள், முடிவு அப்படித்தான். அதை மறைத்து எழுத எனக்கு மனமில்லை. இரண்டு நாளாக அதைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பரிசோதனைகள் பலவற்றில் ஒரே ஒரு காரியம் செய்தார்கள், உண்ணி புகாத மெத்தை உறை மட்டும் அல்லது மருந்துத் தெளிப்பு மட்டும். 2004 இல் அமெரிக்காவில் படுக்கை, கரப்பத்தான், புகை என்று பிள்ளைக்கு எது ஒவ்வாதோ அதையெல்லாம் சேர்த்துக் கவனித்தபோது முட்டு வருகிற நாட்கள் குறைந்தன. 2017 இல் மான்செஸ்டர் ஆய்வில் உண்ணி ஒவ்வாமை உறுதியான பிள்ளைகளை மட்டும் எடுத்து, பாதிப் பேருக்கு அந்த உறையும் மற்றவர்களுக்குச் சாதாரண உறையும் போட்டார்கள். ஒரு வருடத்துக்குள் கடும் முட்டோடு ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் உண்ணி புகாத உறை போட்டவர்களில் 29 சதவீதம், சாதாரண உறை போட்டவர்களில் 42. கடும் முட்டுக்கு மருந்து குடிக்க வேண்டி வந்ததில் பெரிய வித்தியாசம் இல்லை.

ஆகவே நான் இப்போது நினைப்பது: எதற்கு ஒவ்வாது என்று தெரியாமல் வீட்டைத் தலைகீழாக்குவதில் பயனில்லை, தெரிந்தபின் உறை மட்டும் போட்டாலும் கொஞ்சம் பயனிருக்கலாம், ஆனால் ஒவ்வாததையெல்லாம் சேர்த்துக் கவனிப்பதே நல்லது. வீட்டைச் சுத்தமாக்கிவிட்டோம் என்று மண்ணிற இன்ஹேலரை நிறுத்துவது மட்டும் கூடவே கூடாது. அது வீக்கத்தைத் தடுக்கிறது, நீலம் முட்டு வந்தபின் குழாயைத் திறக்கிறது. டொக்டர் சொல்லாமல் மண்ணிறத்தை நிறுத்திவிட்டு நீலத்தையே அடித்துக்கொண்டிருக்கிற ஆட்கள் என் சொந்தத்திலேயே இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

ஜூன் 14

கச்சான் காற்று அடிக்கத் தொடங்கிவிட்டது. தையில் பொறுக்கச் சொன்ன மெத்தைகளை இப்போது வெளியே எடுங்கள். சீமெந்துத் தரையிலோ கயிற்றுக் கட்டிலிலோ போட்டு, நடுப்பகலில் புரட்டி, இரண்டு பக்கமும் நல்ல வெயில். நாலு மணிக்கு முன் உள்ளே எடுங்கள், பின்னேரக் கடற்காற்று ஈரத்தைத் திரும்ப ஏற்றிவிடும். இந்தக் காற்று காலத்தில் புழுதி உள்ளே வருகிறது என்று யன்னலை முழு நாளும் பூட்டாதீர்கள். ரோட்டுப் புழுதி எரிச்சல்தான், பூட்டிய அறையின் ஈரம் உண்ணிக்குச் சாப்பாடு போடுகிற மாதிரி.

ஜூன் 15

உறை எங்கே வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள் தங்கச்சி. வெளிநாட்டிலிருந்து எடுப்பிப்பதென்றால், மெஷினுக்குப் பதிலாக உங்கள் தம்பியிடம் இதைச் சொல்லுங்கள்: ஆறு பக்கமும் மூடி சிப் வைத்த மெத்தை உறை, துணியின் துளை 10 மைக்ரோனுக்குக் குறைவு. பொலித்தீன் உறை மலிவு, ஆனால் எங்கள் வெக்கைக்கு வேர்த்து ஊறும், பிள்ளை படுக்க மாட்டான். மருதமுனைக் கைத்தறி விரிப்பு மேலே விரிக்க அருமையான துணி, உறையாகத் தைக்க ஏற்றதில்லை. வெளிச்சத்தில் பிடித்தால் இழைக்கிடையில் வெளிச்சம் தெரியும், உண்ணியின் எச்சம் அதைவிடச் சின்னது.

தையற்காரரிடம் கொடுப்பதென்றால், கடையில் இருப்பதிலேயே நெருக்கமாக நெய்த துணியாகப் பாருங்கள், வாயை வைத்து ஊதினால் காற்று இலேசில் போகக் கூடாது. கடை உறையின் அளவுக்கு அது அடைக்காது, ஆனாலும் வெறும் மெத்தையை விட நல்லது. சிப் தைத்த ஓரத்தில் உள்பக்கமாக அகலமான ஒட்டுநாடா ஒட்டச் சொல்லுங்கள், பெரும்பாலும் கசிவது அந்த இடத்தால்தான். தலையணைக்கு முதலில் தையுங்கள், காசு சேர்ந்த பிறகு மெத்தைக்கு. அதே அறையில் மற்றப் பிள்ளையும் படுத்தால் அவனுடைய தலையணைக்கும் வேண்டும்.